நெய்வேலி: நிலக்கரிக்காக எழுந்த நகரம்

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியம் இருக்கும் இடம், 1950கள் வரை முந்திரியும் பலாவும் மானாவாரிப் பயிர்களும் விளைந்த செம்மண் மேடு. 1930களின் நடுவில் அங்கே நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கைதிகளின் உழைப்பைக் கொண்டு, நோரில்ஸ்க் நிக்கல் நகரை எழுப்பத் தொடங்கியது. நெய்வேலியில் அந்தக் கொடுமை இல்லை. ஆனால் கனிமம் இல்லாவிட்டால் இரண்டு ஊர்களுமே இல்லை.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரிப்படுகைக்கு மேலே கடினமான மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி எந்திரங்களின் பற்களே அதில் தேய்ந்தன. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்தான் இன்று ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கிறது.

மண்ணைவிடத் தண்ணீர் பெரிய சிக்கல். கரிக்குக் கீழே அழுத்தத்துடன் தேங்கியிருக்கும் ஊற்றுநீர், தோண்டத் தோண்டச் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு மேலே வரக்கூடியது. அதனால் 1961 முதல் இராப்பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தானாகப் பொங்கிய சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கியது. இறைத்த நீர் பரவனாற்றிலும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரியிலும் சேர்ந்து வயல்களுக்குப் பாய்கிறது. சுரங்க மண்ணும் கூடவே வந்து ஏரிகளைத் தூர்க்கிறது. ஒரே நீர் பயிரை வளர்த்து ஏரியைக் கெடுக்கும் இந்த நிலைமையை, வெறும் லாபம் என்றோ வெறும் நஷ்டம் என்றோ எழுதிவிட முடியாது.

சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்தது. யூரியா ஆலையும், தமிழக வீடுகளில் அடுப்பெரித்த லெக்கோ கரிக்கட்டி ஆலையும் உடன் வந்து, பின்னர் மூடப்பட்டன. தொழிலாளர்களுக்காக மரங்கள் அடர்ந்த சாலைகளோடு, எண்ணிட்ட வட்டங்களாக நகரியம் எழுந்தது. பள்ளி, மருத்துவமனை, குறையாத தண்ணீர், மின்சாரம் எல்லாம் அங்கே கிடைத்தன. வில்லுடையான்பட்டு முருகன் கோயிலின் பங்குனி உத்திரம் இன்றும் பெருந்திரளைக் கூட்டுகிறது.

நிலம் கொடுத்தவர்களுக்கு இந்த வசதிகள் அதே அளவில் கிடைக்கவில்லை. கரிப்புகையும் பறக்கும் சாம்பலும் நகரிய வேலிக்குள் நிற்பவை அல்ல. வெளியே உள்ள கிராமங்களின் கூரையிலும் பயிரிலும் படிகின்றன. நிரந்தர வேலை, நிலத்தின் விலை என்ற இரண்டு கோரிக்கைகளும் தலைமுறை தாண்டித் தொடர்கின்றன. நகரியத்தின் நிழல்சாலைகளைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை 1,000 மெகாவாட் புதிய நிலையம் எடுத்துக்கொண்டது. சுரங்கம் தெற்கு நோக்கி விரிந்தது. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மீது எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். இழப்பீடு போதவில்லை என்றனர் உழவர்கள். போராட்டம் வன்முறையில் முடிந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.