ஃபிரிட்ஜுக்குக் கடல் காப்பீடு

செங்கல்பட்டிலிருந்து பெங்களூருக்கு வீடு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாரி வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மேற்கே போகும். வழியில் பாலாறு வரும், அதிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். கடல் முதுகுப் பக்கம், மாமல்லபுரத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் உண்மையிலேயே ஒரு பாலிசி எடுத்திருந்தால், அந்தக் காகிதத்தின் தலைப்பில் பெரும்பாலும் 'மரைன்' என்ற சொல் இருக்கும்.

அது அச்சுப்பிழை இல்லை. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தில் 'மரைன் இன்சூரன்ஸ்' என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்துக்குள், நிலவழியாகவோ நீர்வழியாகவோ பயணம் போகிற எந்தச் சரக்கும் அடங்கிவிடும். சட்டத்தின் கண்ணுக்கு உங்கள் கட்டில், குக்கர், தையல் மெஷின் எல்லாம் கப்பல் சரக்கின் சொந்தக்காரர்கள்தான்.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஒரு பொருள் என் கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவில் அது உடைந்தால், நனைந்தால், காணாமல் போனால் நஷ்டம் யாருடையது? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் கடல் வியாபாரிகள். அதற்கு வந்த பதில்கள் சில நம்முடைய கடற்கரையிலேயே வந்தவை.

மாமல்லபுரத்துக் கடற்கரையை அந்த வியாபாரிகளின் கண்ணால் பாருங்கள். வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம். இந்த நீளத்தில் பெரிய கப்பல் வந்து ஒதுங்குகிற மாதிரி ஆழமான இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கயிறால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள் அலையைத் தாண்டிப்போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆயிரக்கணக்கான மைல் பத்திரமாக வந்த சரக்கு, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கடலுக்குள் போவதும் நடந்தது. வீடு மாற்றியவர்களுக்கு இது புரியும். நெடுஞ்சாலையில் ஒன்றும் ஆகாத டிவி, மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் உடையும்.

சரி, கப்பலே உடைந்து சரக்கு கரை ஒதுங்கினால்? பழைய காலத்தில் பல இடங்களில் இருந்த பதில் கொடூரமானது: ஒதுங்கியது அரசனுக்கு. இதே கிழக்குக் கடற்கரையில், வடக்கே ஆந்திரத்தில் மோட்டுப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கே காகதீய அரசர் கணபதிதேவர் 1244-ஆம் ஆண்டையொட்டி ஒரு தூண் கல்வெட்டு வெட்டி வைத்தார். அதற்கு 'அபய சாசனம்' என்றே பெயர், பயப்படாதே என்று எழுதிக் கொடுப்பது. முந்தைய அரசர்கள் புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள் என்று கல்வெட்டே சொல்கிறது. நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம், நிர்ணயித்த சுங்கத்தைத் தவிர மிச்சம் எல்லாம் வியாபாரிக்கே என்று வாக்குக் கொடுக்கிறது. சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. தொடர்ந்து சந்தனம், கற்பூரம், முத்து, தந்தம், பட்டு என்று பொருள்வாரியாகத் தீர்வைப் பட்டியலும் உண்டு.

இது இன்சூரன்ஸ் இல்லை. உடைந்ததற்கு யாரும் பணம் தரவில்லை. ஆனால் ஒரு முக்கியமான அடி எடுத்து வைத்தாயிற்று: விபத்து நடந்ததால் பொருள் உன்னுடையது இல்லை என்று ஆகிவிடாது. அதை வாய்வார்த்தையாக இல்லாமல் கல்லில் எழுத வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். எழுதாத கருணையை நம்பி எந்த வியாபாரியும் கப்பல் ஏற்ற மாட்டான்.

அடுத்த பதிலைக் கொண்டுவந்தது கடன். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சென்னையின் தனி வியாபாரிகள் 'ரெஸ்பாண்டென்ஷியா' என்ற ஒரு வகைக் கடன் வாங்கினார்கள். சரக்கை ஈடாக வைத்துப் பணம் வாங்க வேண்டும். கப்பல் திரும்பி வந்தால் அசலும் கனமான வட்டியும். கப்பல் மூழ்கினால் திருப்பித் தர வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் தலையில்தான் கடலின் ஆபத்து. அந்தக் கனமான வட்டிக்குள் இன்று நாம் பிரீமியம் என்று சொல்வது ஒளிந்திருந்தது.

அதே காலத்தில் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் டச்சுக் கம்பெனி துணி வாங்கிக்கொண்டிருந்தது. கோவளத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்ட் கம்பெனி கொஞ்ச காலம் கடை விரித்தது. 1722-இல் சாசனம் பெற்ற அந்தக் கம்பெனி 1727-லேயே நிறுத்திவைக்கப்பட்டது. டச்சுக் கம்பெனி தன் சரக்குக்குப் பொதுவாக வெளியாரிடம் காப்பீடு எடுப்பதில்லை. ஏன் எடுக்க வேண்டும்? நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஓடுகின்றன. பத்து மூழ்கினாலும் மீதிக் கப்பல்களின் லாபம் தாங்கிக்கொள்ளும். தனக்குத் தானே இன்சூரன்ஸ். ஒரே ஒரு பெட்டியைக் கப்பலில் ஏற்றிய சின்ன வியாபாரிக்கு அந்த வசதி இல்லை. அவன் பெட்டி மூழ்கினால் அவனுடைய உலகத்தில் நூறு சதவீதம் மூழ்கிவிட்டது.

வீடு மாற்றுகிறவர் அந்த ஒரு பெட்டிக்காரர். இரண்டாயிரம் லாரி ஓட்டுகிற கம்பெனிக்கு ஒரு டிவி என்பது ஒரு எண். உங்களிடம் இருப்பது ஒரு லாரி, ஒரு வீடு, ஒரு டிவி. காப்பீடு என்ற ஏற்பாடே இந்த ஏற்றத்தாழ்வுக்காக வந்ததுதான்.

இதுவரை நஷ்டத்தை ஏற்றவர்கள் பொருளின் சொந்தக்காரரும் கடன் கொடுத்தவரும். சரக்கைச் சுமந்து போனவரின் பொறுப்பு என்ன? நம் லாரிக்காரரின் மேல் இன்று விழுகிற சட்டத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. 1703-இல் அங்கே ஒரு வழக்கு வந்தது. கிட்டத்தட்ட வீடு மாற்றுகிற வழக்குதான். பெர்னார்ட் என்பவர், காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். கூலி கூட வாங்கவில்லை. ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிவிட்டது. கூலி வாங்காவிட்டாலும் அஜாக்கிரதைக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ஹோல்ட், கூலிக்குச் சரக்கு சுமக்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொன்னார்: கடவுள் செயலையும் நாட்டின் எதிரிகளையும் தவிர வேறு எதனால் சரக்கு போனாலும் அவர்கள் பொறுப்பு. காரணமும் சொன்னார். இல்லாவிட்டால் அவர்கள் திருடர்களோடு கூட்டுச் சேர்ந்து சரக்கை அடித்துக்கொண்டு போவார்கள், சொந்தக்காரரால் அதை நிரூபிக்கவே முடியாது.

மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை இல்லாத வாதம்தான். ஆனால் கூர்மையானது. வழியில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் சுமந்தவர் மட்டுமே, அதனால் நிரூபிக்கிற பாரமும் அவர் மேல்.

இந்தியாவுக்கு இது 1865-ஆம் ஆண்டு கேரியர்ஸ் சட்டமாக வந்தது. சரக்கு தொலைந்தால் வண்டிக்காரரின் அஜாக்கிரதையைச் சொந்தக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டம் சொன்னது. 1872-இல் ஒப்பந்தச் சட்டம் வந்ததும் ஒரு சந்துவழி தெரிந்தது. அடுத்தவர் பொருளை வைத்திருப்பவர் சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவு பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது அது. பர்மாவில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி ஏற்றிச் சென்ற பருத்தி எரிந்துபோனபோது இந்தக் கேள்வி பிரிவி கவுன்சில் வரை போனது. 1891-இல் பதில் வந்தது: இல்லை, பொதுச் சுமைகாரரின் பொறுப்பு அதைவிடக் கடுமையானது, அவர் ஒரு காப்பீட்டாளர் மாதிரி.

ஆனால் 1865 சட்டத்திலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. விலை உயர்ந்த பொருள்களின் பட்டியல் ஒன்றை அதோடு இணைத்திருந்தார்கள். அதில் முத்து, தந்தம், சந்தனம், பட்டு என்று மோட்டுப்பள்ளித் தூணில் பார்த்த பெயர்கள் திரும்ப வருகின்றன, கூடவே கடிகாரமும் கண்ணாடிச் சாமானும். இந்தப் பட்டியல் பொருள் 100 ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால், முன்கூட்டியே மதிப்பைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பொறுப்பில்லை.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது வந்திருப்பது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அஜாக்கிரதையை நீங்கள் நிரூபிக்க வேண்டாம் என்பது இதிலும் இருக்கிறது. ஆனால் தொகைக்கு ஒரு கூரை போட்டுவிட்டார்கள். 2011 விதிகளின்படி, கட்டிய வாடகையைப் போல் பத்து மடங்குவரைதான் பொறுப்பு, அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. வாடகை 18,000 ரூபாய் என்றால் உச்சம் 1,80,000. நான்கு லட்ச ரூபாய்ச் சாமான் முழுவதும் எரிந்தாலும் அவ்வளவுதான். கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை எழுதி வாங்கினால் கதை வேறு. வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்கு லாரிக்காரர் பொறுப்பில்லை. 2015 டிசம்பரில் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, இந்த விலக்கு வெறும் ஏட்டு விலக்கு இல்லை என்று தெரியும்.

அங்கேதான் காப்பீடு தனியாக வேண்டியிருக்கிறது. லாரிக்காரரின் பொறுப்பு சட்டம் கொடுப்பது, காப்பீடு நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. இரண்டும் வேறு வேறு. ஆனால் வீடு மாற்றித் தருகிற கம்பெனிகள் தருகிற கொட்டேஷனில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். 'ட்ரான்சிட் இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சதவீதம். கேட்டால், "அதெல்லாம் கவர் ஆயிடும் சார், டென்ஷனே வேணாம்." கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பாலிசி எந்த இன்சூரன்ஸ் கம்பெனியோடது? என் பேர்ல சர்டிஃபிகேட் வருமா?" வராது என்றால் நீங்கள் வாங்கியது காப்பீடு இல்லை. நஷ்டம் பண்ணக்கூடிய ஆளே கொடுத்த வாக்கு.

பாலிசி வந்தாலும் அதில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை நிபந்தனைகள் வழக்கத்தில் இருக்கின்றன. 'சி' என்றால் தீயும் மின்னலும் மட்டும். 'பி' என்றால் அவற்றோடு லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்ற விபத்துகள். படிக்கட்டில் டிவி விழுவது 'பி'-யில் வராது. 'ஏ' மட்டும்தான் விலக்குகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும். அதிலும் மோசமான பேக்கிங், தேய்மானம், தாமதம் போன்றவை வெளியே. ஏற்றுவதும் இறக்குவதும் உள்ளே இருக்கிறதா, நீங்களே கட்டிய பெட்டிக்குச் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொல்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. 1963-ஆம் ஆண்டு மரைன் இன்சூரன்ஸ் சட்டத்தில் இதற்கு அழகான ஒரு பிரிவு இருக்கிறது. குறைத்துக் காப்பீடு செய்தால், மிச்சத்துக்கு நீங்களே உங்கள் காப்பீட்டாளர். நான்கு லட்சச் சாமானை இரண்டு லட்சம் என்று எழுதிவிட்டு 40,000 ரூபாய் டிவி உடைந்தால், பொதுவாகக் கையில் வருவது 20,000. டச்சுக் கம்பெனி தெரிந்தே செய்ததை நாம் தெரியாமல் செய்கிறோம். நம்மிடம் நூறு கப்பல் இல்லை.

லாரி ரசீதின் அடியில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருக்கும். பலர் அதைப் பார்த்ததுமே மனசு விட்டுவிடுவார்கள். நாத் பிரதர்ஸ் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், அந்த இரண்டு சொல் லாரிக்காரரை அவருடைய அஜாக்கிரதையிலிருந்து காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. அது 1865 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புதான். ஆனால் அச்சடித்த வரி எல்லாம் வேதவாக்கு இல்லை என்பதற்கு அது போதும்.

இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் தந்ததோடு கதை முடிவதில்லை. தந்த பிறகு அது உங்கள் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் வசூலிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் இது தெளிவானது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் அனுப்பிய பருத்தி நூல் 1995-இல் லாரி விபத்தில் சேதமானது. இன்சூரன்ஸ் கம்பெனி மில்லுக்குப் பணம் தந்தது, பிறகு இருவரும் சேர்ந்து லாரிக் கம்பெனி மேல் நுகர்வோர் மன்றம் போனார்கள். 2010-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படிச் சேர்ந்து வழக்குப் போடலாம் என்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சாமான் இறங்கியதும் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "எல்லாம் நல்லபடியா வந்துருச்சுன்னு ஒரு சைன் போடுங்க சார், வண்டி கிளம்பணும்." மணி ராத்திரி பத்து, பசங்க தூங்கி வழிகிறார்கள். அந்தக் கையெழுத்து லாரிக்காரர் மேல் உங்களுக்கு இருக்கிற பிடியைத் தளர்த்திவிடும். அதை நம்பித்தான் இன்சூரன்ஸ் கம்பெனியும் இருக்கிறது, அதனால் உங்கள் கிளெய்மும் ஆட்டம் காணும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பிரித்துப் பார்க்கவில்லை, இன்னின்னது உடைந்திருக்கிறது என்று அதிலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். போட்டோ எடுங்கள். உடைந்ததையும் அட்டைப்பெட்டியையும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். லாரிக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அவர் மேல் வழக்கே போட முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போகலாம், கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு விஷயம் பழகிவிடும். எரர் வந்தால் அதை யார் பிடிப்பது என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், அது எல்லோரையும் தாண்டிப்போய்க் கடைசியில் யூசர் தலையில் விழும். கடலோரத்துச் சட்டங்களின் கதையும் அதுதான். அரசன் எழுதிக் கொடுத்தான், கடன்காரர் எழுதிக் கொடுத்தார், சுமைகாரரைச் சட்டம் எழுத வைத்தது. ஒவ்வொரு முறையும் நஷ்டம் சொந்தக்காரரின் தலையிலிருந்து கொஞ்சம் இறங்கியது. ராத்திரி பத்து மணிக்குப் படிக்காமல் போடுகிற கையெழுத்து அதைத் திரும்ப அங்கேயே ஏற்றி வைத்துவிடும்.