லினக்ஸ்சாம்ப்ளர்

லினக்ஸ்சாம்ப்ளர் என்பது, முன்னரே பதிவு செய்யப்பட்ட இசைக்கருவி ஒலிகளை மிடி கட்டளைகளுக்கேற்ப இசைக்கும் மென்பொருள் ஆகும். இவ்வகை மென்பொருட்கள் சாம்ப்ளர் எனப்படுகின்றன. இது சி++ நிரல்மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ், விண்டோஸ், மாக் இயங்குதளங்களில் இயங்கும். இதன் மூலநிரல் எவருக்கும் கிடைக்கிறது. எனினும், அனுமதியின்றி வணிகப் பொருட்களில் சேர்க்கலாகாது என்ற நிபந்தனை குனூ பொது உரிமத்துடன் இணைக்கப்பட்டுள்ளதால், இதனை முழுமையான கட்டற்ற மென்பொருள் எனக் கூற இயலாது.

கிக் வடிவம்

தொடக்கத்தில் லினக்ஸ்சாம்ப்ளர் கிக் கோப்புகளை மட்டுமே ஆதரித்தது. இவ்வடிவம் நெமசிஸ் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட கிகாசாம்ப்ளர் மென்பொருளுக்கு உரியது. பியானோவின் 88 கட்டைகளையும் பல அழுத்தங்களில் பதிவு செய்தால் அக்காலக் கணினியின் நினைவகம் போதாது. எனவே ஒவ்வொரு ஒலியின் தொடக்கப் பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்து, எஞ்சியதை இசைக்கும்போதே வன்தட்டிலிருந்து படிக்கும் முறையை கிகாசாம்ப்ளர் கையாண்டது. லினக்ஸ்சாம்ப்ளரும் இம்முறையையே பின்பற்றுகிறது.

இதன் வழிவந்த கிகாஸ்டுடியோவை டாஸ்காம் நிறுவனம் 2008 இல் கைவிட்டது. இசைக்கலைஞர்கள் விலை கொடுத்து வாங்கிய கருவித் தொகுப்புகள் அதனோடு பயனற்றுப் போயிருக்கக்கூடும். கோப்புகளின் அமைப்பை ஆராய்ந்து எழுதப்பட்ட லிப்கிக் என்னும் நிரலகம் இருந்ததால் அவற்றை லினக்ஸ்சாம்ப்ளரில் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது.

பிற வடிவங்கள்

பின்னர் சவுண்ட்ஃபாண்ட் 2, எஸ்எஃப்இசட் ஆகிய வடிவங்களும் சேர்க்கப்பட்டன. புதிய வடிவத்தை ஆதரிப்பது என்பது கோப்பைப் படிப்பது மட்டுமன்று; அதிலுள்ள எண்களுக்கு அவ்வடிவம் தரும் பொருளையும் பின்பற்ற வேண்டும்.

சான்றாக, ஒலி முழு அளவை எட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். சவுண்ட்ஃபாண்ட் 2 இல் இது மடக்கை அளவில் எழுதப்படுகிறது: 0 என்றால் 1 நொடி, 1200 என்றால் 2 நொடி. கருவி நிலையில் 1200 எனவும், அதன் மேலுள்ள முன்னமைவு நிலையில் 1200 எனவும் இருந்தால், இரண்டும் கூட்டப்பட்டு 2400, அதாவது 4 நொடி ஆகும். எஸ்எஃப்இசட் என்பதோ எவரும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பு. அதில் நேரம் நொடியிலேயே எழுதப்படும். குழுவில் 2, அதனுள் அடங்கிய பகுதியிலும் 2 என்றிருந்தால் விடை 2 நொடியே. இங்கு மதிப்புகள் கூட்டப்படுவதில்லை. உள்நிலை மேல்நிலையை மாற்றீடு செய்கிறது.

விவரக்குறிப்பை அப்படியே பின்பற்றினாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஈமு நிறுவனச் சில்லுகள் கொண்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள், சவுண்ட்ஃபாண்ட் கோப்பில் குறித்த ஒலிக்குறைப்பில் 0.4 பங்கை மட்டுமே நடைமுறைப்படுத்தின. கோப்புகளை உருவாக்கியோர் அவ்வட்டைகளில் கேட்டே அளவை அமைத்தனர். ஆகவே ஃபுளூயிட்சிந்த் என்னும் மற்றொரு திறந்த மூல மென்பொருள் இப்பிழையையும் வேண்டுமென்றே பின்பற்றுகிறது.

இத்தகைய வேறுபாடுகளால், எல்லாக் கோப்புகளையும் ஒரே உள்வடிவத்துக்கு மாற்றுவது எளிதாகத் தோன்றினாலும் ஒலித்தரத்தில் இழப்பை ஏற்படுத்தும். லினக்ஸ்சாம்ப்ளர் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி இயந்திரம் வைத்துள்ளது. வன்தட்டிலிருந்து படித்தல் போன்ற பொதுப்பணிகளுக்கான நிரல் மட்டும் பகிரப்படுகிறது.

எஸ்எஃப்இசட் வடிவத்தைப் பல நிறுவனங்கள் தத்தம் கட்டளைகளைச் சேர்த்து விரிவாக்கியுள்ளன. சாம்ப்ளர்கள் தமக்குத் தெரியாத கட்டளையைப் பொதுவாகப் புறக்கணித்துவிடும். இதனால் ஒரே கோப்பு, பிழைச்செய்தி எதுவுமின்றி, வெவ்வேறு சாம்ப்ளர்களில் வெவ்வேறாக ஒலிக்கலாம்.