கொட்டாஞ்சேனையின் இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்

கொட்டாஞ்சேனை இரண்டு உயிர்த்த ஞாயிறுகளில் இரத்தம் கண்டது. 1883 மார்ச் 25இல், தீபதுத்தாராம விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தினருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. பௌத்தர்களின் மனக்குறை மனுவாக இலண்டன்வரை சென்றது. 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. 2019 ஏப்ரல் 21இல், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது.

சமயபாட வகுப்பில் 137ஆம் சங்கீதத்தை பாபிலோன் ஆற்றங்கரை அழுகையோடு நிறுத்திவிடுவோம். பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதுவோரை வாழ்த்தும் கடைசி வசனத்தை நாங்கள் வாசித்ததில்லை.

குண்டுவெடிப்புக்குப் பிந்திய வாரங்களில், பழைய மாணவிகளாய் வீடு வீடாகச் சென்றோம். மகனைப் பறிகொடுத்த தாயொருவர் ஏறக்குறைய அதே சாபத்தைச் சொன்னார். வைத்தியராயிருந்தும் எங்களிடம் மருந்தில்லை. கேட்டுக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்ததும், அவரே எழுந்து எங்களுக்குத் தேநீர் வைத்தார்.

அன்றுதான் விளங்கியது: அந்த வசனம் கட்டளையன்று, எருசலேம் அழிந்ததைக் கண்டவர்களின் காயம். பழியைக் கையில் எடுக்காமல் கடவுளிடம் கொட்டிய அழுகை.

1983இல் வெள்ளவத்தையை விட்டு அந்நிய ஆற்றங்கரைகளுக்குப் போன தோழியருக்கும் அந்த அழுகை தெரியும். நூற்றாண்டு காணும் நம் பாடசாலையில், இனி அந்தச் சங்கீதத்தைக் கடைசி வசனம்வரை பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்போம்.