கயிற்று முறுக்கு (வான்குடை)

கயிற்று முறுக்கு (லைன் ட்விஸ்ட்) என்பது வான்குடை (பாராசூட்) விரியும்போது அதன் தொங்கு கயிறுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, வடம்போல் முறுகி நிற்கும் நிலையைக் குறிக்கும். மேலே கவிகை ஒரு திசையை நோக்கியும், கீழே தொங்குபவரின் உடல் வேறொரு திசையை நோக்கியும் இருப்பது இதன் அடையாளம் ஆகும். வான்குதிப்பில் மிகப் பரவலாக ஏற்படும் கோளாறுகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலான முறுக்குகள் சில வினாடிகளில் அவிழ்ந்துவிடும். எனினும் சிறிய, வேகமான கவிகைகளிலும், இறக்கையுடை (விங்சூட்) அணிந்து குதிப்போரிடத்தும் இதே முறுக்கு கட்டுக்கடங்காத சுழற்சியாக மாறி உயிரிழப்பில் முடிந்ததுண்டு. அத்தகைய விபத்துகளில் முறுக்கைவிட, அதை அவிழ்க்க முயன்று இழந்த உயரமே பெரும்பாலும் காரணமாக அமைகிறது.

உருவாகும் விதம்

உத்தரத்தில் கட்டிய ஊஞ்சலில் ஒரு சிறுவனை உட்கார வைத்து நாலைந்து முறை சுற்றிவிட்டால், இரு கயிறுகளும் அவன் தலைக்கு மேலே முறுகிக்கொள்ளும். கையை எடுத்தவுடன் அவன் எதிர்த்திசையில் சுழன்று தானாகவே நேராகிவிடுவான். வான்குடையில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊஞ்சலின் உத்தரம் அசையாது. வான்குடையின் கவிகையோ தானும் பறக்கிறது, தானும் திரும்புகிறது. உடல் எவ்வளவு வேகமாக அவிழ்கிறதோ அதே வேகத்தில் கவிகையும் அதே பக்கம் திரும்புமானால் முறுக்கு குறையவே குறையாது.

கவிகை மடித்து வைக்கப்பட்டுள்ள பொதிப்பை முதுகிலிருந்து வெளிவந்து, கயிறுகள் நீளும் அந்த ஓரிரு வினாடிகளில் பை சுழன்றால் முறுக்கு விழும். பை சீராக எழும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறுவது, கயிற்றுச் சுருள்களைப் பற்றியிருக்கும் ரப்பர் வளையங்கள் ஒரே இறுக்கத்தில் இல்லாமை, குதிப்பவர் ஒரு தோளைத் தாழ்த்தியபடி குடையை இழுப்பது ஆகியன பொதுவான காரணங்கள். மடிப்பில் பிழையே இல்லாதபோதும் உடல்நிலைப் பிழையால் மட்டுமே முறுக்கு ஏற்படலாம். பழி எப்போதும் மடித்தவர் மேலேயே விழுவது வழக்கம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

முறுக்கு விழுந்ததும் ரைசர் எனப்படும் தூக்குப்பட்டைகள் கழுத்துக்குப் பின்னால் நெருங்கிவந்து தலையை முன்னோக்கி அழுத்தும். முகவாய் மார்பில் பதிந்துவிடுவதால் அண்ணாந்து கவிகையைப் பார்ப்பதே கடினமாகிறது. கயிறுகளின் வழியே கீழிறங்கி விரிதலைச் சீராக்கும் சறுக்குத்துணி (ஸ்லைடர்) பாதி வழியில் நின்றுவிடும். திருப்பவும் வேகம் தணிக்கவும் பயன்படும் தடைக்கயிறுகள் முறுக்குக்குள் சிக்கி அசையாது போகும்.

கவிகையின் வகையும் விளைவும்

வட்ட வான்குடை ஏறத்தாழ நேர்கீழாகவே இறங்குவது. அதற்கென முன்னோக்கிய பறப்பு பெரிதாக இல்லை. ஆகவே முறுக்கு விழுந்தாலும் கவிகை சுழலத் தொடங்குவதில்லை. படைத்துறையில் இன்றும் பெருந்திரளாகக் குதிக்க வட்டக் குடைகள் பயன்படுவதற்கான காரணங்களுள் இந்தப் பொறுமையும் ஒன்று எனலாம்.

1964இல் அமெரிக்கரான டொமினா ஜால்பர்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காற்றறைக் கவிகையின் வழிவந்தவையே இன்றைய செவ்வக, நீள்வட்டக் கவிகைகள். இவை உண்மையில் துணியால் ஆன இறக்கைகள். இறக்கை என்பதால் ஒரு பக்கம் சற்றே அதிகமாக இழுபட்டாலும் அப்பக்கம் திரும்பும். திரும்பும் வேகத்தை முடிவு செய்வது இறக்கைச் சுமை, அதாவது தொங்கும் மொத்த எடையைக் கவிகையின் பரப்பால் வகுத்து வரும் எண். கருவிகளுடன் சேர்த்து 180 பவுண்டு எடையுள்ள ஒருவர் 260 சதுர அடிக் கவிகையில் தொங்கினால் இது ஏறத்தாழ 0.7, அதே ஆள் 120 சதுர அடிக் கவிகைக்கு மாறினால் 1.5. முதலாவதில் முறுக்கு விழுந்தால் கவிகை பெரும்பாலும் நேராகப் பறந்துகொண்டிருக்கும், அவிழ்க்க நேரம் கிடைக்கும். இரண்டாவதில் அது மூக்கைத் தாழ்த்திச் சுழலில் இறங்கக்கூடும். சுழற்சி வேகம் கூடக் கூட மையவிலக்கு விசையால் உடல் வெளிநோக்கி வீசப்படும், இரத்தம் கால்களை நோக்கிப் பாயும், கைகளை மார்புக்குக் கொண்டுவருவதே பாடாகிவிடும்.

இறக்கையுடையில் ஏன் கடினம்

இறக்கையுடை என்பது கைகளுக்கும் உடலுக்கும் இடையிலும், இரு கால்களுக்கு இடையிலும் காற்று நிரம்பும் துணிச் சிறகுகள் தைக்கப்பட்ட உடை. 1990களில் பிரான்சைச் சேர்ந்த பத்ரிக் தெ கயார்தோன் இதன் நவீன வடிவத்தை உருவாக்கினார். 1998 ஏப்ரலில் அவாயித் தீவில் அவர் இறந்தார். தம் வான்குடைப் பொதியில் தாமே செய்த ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழையே காரணம், உடை அல்ல. 1999இல் பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோவாசியாவின் ராபர்ட் பெச்னிக்கும் இதைப் பொதுவிற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

சாதாரணக் கட்டற்ற வீழ்ச்சியில் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் விழுகிறார். இறக்கையுடையில் கீழிறங்கும் வேகம் 60 முதல் 100 கி.மீ. வரை குறைந்து, முன்னோக்கிய வேகம் அதைவிடப் பெரிதாகிறது. வான்குடை விரிதலுக்கு இது பல வகையில் இடையூறு செய்கிறது. அகன்ற உடைக்குப் பின்னால் காற்றோட்டம் கலங்கிய ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கவிகையை வெளியே இழுக்கவேண்டிய முன்னோடிக் குடை அதற்குள் மாட்டிக்கொண்டு தத்தளிக்கலாம். பொதிப்பை மேல்நோக்கி எழாமல் பின்னோக்கிச் செல்வதால் பொதியின் விளிம்பில் உரசிச் சுழல வாய்ப்பு மிகுதி. குடை விரியும் நேரத்தில் ஒரு சிறகு திறந்தும் மறு சிறகு மூடியும் இருந்தால் உடலே திரும்பிவிடும்.

முறுக்கு விழுந்த பின்னரும் தொல்லை தீர்வதில்லை. கால்கள் ஒரே துணிக்குள் இருப்பதால் தனித்தனியே உதைக்க முடியாது. பழைய வகை உடைகளில் கைச்சிறகின் பல்லிணையை (ஜிப்) அவிழ்த்தால் அன்றித் தூக்குப்பட்டைகளைக் கை எட்டாது. இதனாலேயே ஐக்கிய அமெரிக்க வான்குடைச் சங்கம் குறைந்தது 200 முறை குதித்த பின்னரே இறக்கையுடை அணியலாம் என விதித்துள்ளது. இந்த எண் பறக்கும் திறமைக்காக மட்டும் அன்று. கோளாறு நேர்கையில் கைகள் யோசிக்காமல் செயல்படவேண்டும் என்பதற்காகவும் ஆகும்.

இறக்கையுடைக்கு முரண்டு பிடிக்காத, ஏழு அறைகள் கொண்ட பெரிய செவ்வகக் கவிகையும், பெரிய முன்னோடிக் குடையும், நீண்ட இணைப்பு நாடாவும் பரிந்துரைக்கப்படுகின்றன. இழுக்கும்போது இரு கைகளும் ஒரே நேரத்தில் பின்செல்ல வேண்டும். கால்சிறகைச் சுருக்க வேண்டும். முன்னோடிக் குடையை வீசிய பின்னும் உடல் இருபுறமும் சமமாகவே இருக்கவேண்டும். இழுக்கும் உயரத்தையும் வழக்கத்தைவிடக் கூட்டிக்கொள்வது நல்லது.

கையாளும் முறை

முதலில் பார்க்கவேண்டியது கயிறுகளை அல்ல, உயரமானியை. அடுத்து, கவிகை நேராகப் பறக்கிறதா, சுழல்கிறதா என்பது.

நேராகப் பறந்தால் இரு தூக்குப்பட்டைகளையும் கழுத்துக்குப் பின்னால் பற்றி வெளிப்புறமாக விரிக்கவேண்டும். இது முறுக்கை மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளி அவிழ வழிசெய்கிறது. அதே நேரத்தில் முறுக்கு அவிழும் திசையில் மிதிவண்டி மிதிப்பதுபோல் கால்களை உதைத்து உடலுக்குச் சுழற்சி தரவேண்டும். இறக்கையுடை அணிந்தவர் முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, இடுப்பிலிருந்து திருப்பவேண்டும். முறுக்கு முழுதும் தீரும்வரை தடைக்கயிற்றின் கைப்பிடிகளைத் தொடக்கூடாது. ஒன்றை மட்டும் விடுவித்து அது முறுக்குக்குள் இறுகிக்கொண்டால், அதுவரை நேராகப் பறந்த கவிகை ஒரு பக்கம் சுழலத் தொடங்கிவிடும். தீர்க்கக்கூடிய கோளாறு தீராத கோளாறாக மாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

கவிகை சுழல்கிறது, சுழற்சி கூடுகிறது என்றால் அவிழ்க்க முயன்று நேரம் போக்காமல் முதன்மைக் குடையைக் கழற்றிவிட்டுச் சேமக்குடையை (ரிசர்வ்) விரிப்பதே முறை. இதற்கான முடிவை எந்த உயரத்தில் எடுக்கவேண்டும் என்பதைத் தரையிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மேற்குறிப்பிட்ட சங்கம் மாணவர்களுக்கும் தொடக்கநிலை உரிமம் பெற்றவர்களுக்கும் 2,500 அடியையும், மற்றவர்களுக்கு 1,800 அடியையும் இம்முடிவு உயரமாக வைத்துள்ளது. 1,800 அடி என்பது ஜெயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து முறை அடுக்கிய உயரம். கேட்கப் பெரிதாகத் தோன்றும். நல்ல கவிகையில் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்குபவருக்கு 3,000 அடியிலிருந்து அவ்வுயரத்தை அடைய 73 வினாடிகள் ஆகும். சுழலும் கவிகையில் வினாடிக்கு 20 மீட்டர் இறங்குவதாகக் கொண்டால் 18 வினாடிகளே. முறுக்கோடு போராடிக்கொண்டிருப்பவருக்கு 18 வினாடி கழிந்தது தெரியாது. இன்னும் ஒரே சுற்றுதான் என்ற எண்ணம் இங்கே பெரும் பகை.

கழற்றிவிடும் பிடி வலப்பக்க மார்பிலும், சேமக்குடையின் பிடி இடப்பக்கத்திலும் இருப்பது பொது அமைப்பு. இரண்டையும் கண்ணால் பார்த்து, முதலில் வலம், பின்னர் இடம் என இழுக்கவேண்டும். 1970களில் பில் பூத் வடிவமைத்த மூவளையப் பூட்டு, முழு உடல் எடையையும் பல மடங்கு எடையையும் தாங்கும் பட்டையை ஒரு மெல்லிய கம்பிவடத்தின் இழுப்பால் விடுவிக்கிறது. மூன்று வளையங்களும் நெம்புகோல்கள்போல் விசையைப் படிப்படியாகக் குறைப்பதே இதன் சூட்சுமம். ஆனால் தூக்குப்பட்டைகளே முறுகியிருந்தால், பட்டைக்குள் செருகப்பட்ட கம்பிவடத்தின் நுனி நசுங்கி இழுப்பு மிகக் கடினமாகும். இதைத் தவிர்க்கப் பட்டைக்குள் விறைப்பான குழல் வைத்துத் தைக்கும் வழக்கம் வந்தது. பொதி வாங்குவோர் கேட்டறிய வேண்டிய சிறு விவரம் இது.

கழற்றியவுடன் சேமக்குடையைத் தானே இழுத்துவிடும் இணைப்புக் கயிறு குறித்து வான்குதிப்போரிடையே நெடுநாள் விவாதம் உண்டு. சுழற்சியிலிருந்து விடுபட்டவர் உடல் நிலைகொள்ளும் முன்னரே சேமக்குடை வெளிவந்தால் அதிலும் முறுக்கு விழலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அது உண்மையே. ஆயினும் சேமக்குடையில் முறுக்கு விழுந்து இறந்தவர்களைவிட, அதை மிகத் தாழ இழுத்தோ இழுக்காமலோ இறந்தவர்களே மிகுதி என்பதால் இவ்விணைப்புக்கு ஆதரவு வலுத்துள்ளது.

தானியங்கிக் கருவியின் எல்லை

1991இல் செருமனியில் வெளிவந்த சைப்ரஸ் போன்ற கருவிகள், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணித்து, ஆபத்து நேரத்தில் சேமக்குடையின் பூட்டுக்கயிற்றை வெட்டிவிடுகின்றன. அனுபவமுள்ளோருக்கான வகை, தரைக்கு மேல் ஏறத்தாழ 750 அடியில், வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்தால் இயங்கும். மேலே சொன்ன வினாடிக்கு 20 மீட்டர் சுழற்சி இந்த வரம்புக்குள் வராது. கருவியின் கணக்குப்படி அவர் வான்குடையில் இறங்கிக்கொண்டிருக்கிறார்! இறக்கையுடையில் பறப்பவரின் இறங்கு வேகமும் அவ்வாறே வரம்பை எட்டாது. இதற்கெனக் குறைந்த வேக வரம்புடைய தனி வகைகள் பின்னர் உருவாக்கப்பட்டன. ஆகவே கருவி இருக்கிறது என்ற துணிவில் முறுக்கோடு போராடுவது பொருந்தாது.

இந்தியாவில்

இந்தியாவில் படைத்துறை வான்குதிப்பு 1941இல் தொடங்கியது. 152ஆவது இந்தியப் பாராசூட் படைப்பிரிவின் மருத்துவ அலுவலர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜும், அவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அப்போது குதித்த முதல் இந்தியப் படையினராக அறியப்படுகின்றனர். ரங்கராஜ் பின்னாளில் கொரியப் போரில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை வழிநடத்தி, 1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்கப் படையினருடன் வான்குடையில் இறங்கினார். மகாவீர் சக்கர விருதும் பெற்றார்.

ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் வீரர்கள் 1,250 அடி உயரத்திலிருந்து குதிக்கின்றனர். கிரிக்கெட் வீரர் மகேந்திரசிங் தோனி 2015 ஆகஸ்டில் ஏஎன்-32 விமானத்திலிருந்து குதித்ததும் இவ்வுயரத்திலேயே. அங்கிருந்து தரைக்கு வர ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாகும். குடை விமானத்தோடு பிணைத்த நாடாவால் தானே திறந்துகொள்ளும். முறுக்கு விழுந்தால் பட்டைகளை விரித்துக் கால்களை உதைக்கும் பழக்கம் தரையிலேயே ஊட்டப்படுகிறது.

பொதுமக்களுக்கான வான்குதிப்பு தமிழ்நாட்டிலும் நடந்துள்ளது. 2014 பிப்ரவரியில் சேலத்தில் நடந்த ஒரு குதிப்பில் வான்குடை விரியாமல் பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். பயிற்றுநரோடு பிணைந்து குதிக்கும் இணைக்குதிப்பில் கோளாறு குறித்த முடிவைப் பயிற்றுநர் எடுக்கிறார். தனித்துக் குதிக்கும் புதியவர் அதைத் தாமே எடுத்தாக வேண்டும்.

இறக்கையுடையைப் பொறுத்தவரை, 2019 ஜூலையில் இந்திய வான்படையின் விங் கமாண்டர் தருண் சௌத்ரி ஜோத்பூரில் எம்.ஐ.-17 உலங்கு வானூர்தியிலிருந்து இறக்கையுடை அணிந்து குதித்தார். கார்கில் வெற்றியின் 20ஆம் ஆண்டை ஒட்டி இது நிகழ்த்தப்பட்டது.