பசியின் முகத்தை வரைந்தவர்

ஓவியம் என்றதும் நம் பகுதி மக்களின் நினைவுக்கு முதலில் வருவது சிவகாசி நாட்காட்டிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலும் இராஜபாளையத்துக் கடைவீதிகளிலும் அது தொங்காத கடையைக் காண்பது அரிது. அந்நாட்காட்டிகளுக்கு உருவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. அவர் தீட்டிய முகங்களில் சுருக்கமில்லை, வயதில்லை, பசியில்லை. அவர் மறைந்த அதே 1976ஆம் ஆண்டில் டாக்காவில் இன்னோர் ஓவியர் மறைந்தார். அவர் பெயர் பெற்றதோ பசித்த முகங்களை வரைந்ததால்.

ஜைனுல் ஆபிதீன் 1914இல் கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில் பிறந்தார். தந்தை காவல்துறை ஊழியர். மகன் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் பயிலத் தாயார் தம் கழுத்தணியை விற்றார் என்பர். பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரான அவர், அந்நாளில் பிரம்மபுத்திரா ஆற்றையும் அதன் கரைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பரிசு பெற்றவர். 1943 அந்த அமைதியைக் குலைத்தது.

வங்கப் பஞ்சத்தின் வேர்களுள் ஒன்று தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமான கதை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது, அங்கு வணிகம் செய்த நம் முன்னோர் பலர் உடைமைகளைக் கைவிட்டுக் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பினர். அதே வீழ்ச்சியால் பர்மா அரிசி வங்கத்துக்கு வருவதும் நின்றது. எதிரியின் கைக்குப் போய்விடும் என்று ஆங்கில அரசு கரையோரப் படகுகளைப் பறித்தது. அக்டோபரில் புயல் மேதினிப்பூரை அழித்தது. பதுக்கலும் விலையேற்றமும் எஞ்சியதைச் செய்தன. மடிந்தோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர்கள் நடைபாதைகளில் விழுந்து இறந்தனர். ஆபிதீன் அவர்களைத் தேடித் தெருக்களில் நடந்தார். நல்ல தாள் வாங்க வசதியில்லை. பொட்டலம் கட்டும் மலிவான தாளே போதுமானதாயிற்று. கரியிலிருந்து தாமே மை செய்துகொண்டார். காய்ந்த தூரிகையின் சில கீற்றுகளில் விலா எலும்பும், குழந்தையை அணைத்த தாயும், குப்பைத் தொட்டியருகே மனிதனோடு போட்டியிடும் காகமும் உருப்பெற்றன. பின்னணியில் கட்டடமில்லை, தெருவில்லை. அழகுபடுத்த ஒரு கோடுகூட மிகுதியாக இல்லை.

இறந்தோரின் உடல்களை அந்நகரில் சமயவாரியாகப் பிரித்தே எடுத்துச் சென்றனர். முஸ்லிம் ஜனாஸாக்களை அஞ்சுமன் முஃபீதுல் இஸ்லாம் அடக்கம் செய்தது. இந்துக்களின் உடல்களை இந்து சத்கார் சமிதி எரியூட்டியது. ஒவ்வொருவருக்கும் அவரவர் சமய முறைப்படி இறுதிக்கடன் கிடைக்கவேண்டும் என்ற அக்கறை அது, குறை சொல்வதற்கில்லை. ஆபிதீனின் படங்களிலோ யார் எவர் என்று பிரித்தறிய வழியில்லை. மெலிந்த உடலில் அடையாளம் ஏதும் எஞ்சவில்லை.

அதே பஞ்சத்தை வரைந்த சித்தபிரசாத் வேறு வழியை மேற்கொண்டார். பட்டாச்சார்யா என்ற சாதிப்பெயரைத் துறந்த அவர், மேதினிப்பூர் கிராமங்களில் நடந்து, தாம் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துவைத்தார். ‘பசித்த வங்கம்’ என்ற பொருள்படும் அவரது நூலை அரசு கைப்பற்றி எரித்தது. ஒருவர் பெயரை நீக்கினார், மற்றவர் பெயரை எழுதினார். இருவரும் காக்க முனைந்தது ஒன்றையே என்று எனக்குத் தோன்றுகிறது.

உயிருள்ளவற்றை வரைவது குறித்து மார்க்க அறிஞரிடையே கடுமையான கருத்துகள் உண்டு. அவ்விவாதத்தை இங்கே தீர்க்க முற்படவில்லை. எனினும், உருவங்கள் வழிபாட்டுக்கும் பெருமைக்கும் இட்டுச்செல்லும் என்ற அச்சம் அக்கருத்துகளின் காரணங்களுள் ஒன்று. பொட்டலத்தாளில் கிடக்கும் இந்த எலும்புக்கூடுகளை யார் வணங்குவர்? வரவேற்பறையில் மாட்டவும் எவரும் துணியார். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தாம் உண்பவரைக் கண்டிக்கும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றா.

பிரிவினைக்குப் பின் டாக்கா சென்ற ஆபிதீன் 1948இல் அங்கே ஓவியக் கல்லூரியை நிறுவினார். 1970 நவம்பரில் பெரும் புயல் வங்கக் கரையில் இலட்சக்கணக்கானோரை வாரிச் சென்றபோது, ஐம்பத்தைந்து வயதை எட்டியிருந்த அவர் மன்புரா தீவுக்குச் சென்றார். அங்கே கண்ட பிணக்குவியல்களை ஏறத்தாழ முப்பது அடி நீளச் சுருளில், மீண்டும் கறுப்பு மையிலேயே வரைந்தார். 1976 மே 28இல் புற்றுநோயால் காலமானார். டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலையொட்டி அவருடைய கப்ரு உள்ளது.