சைக்கிளோகிராஸ்

சைக்கிளோகிராஸ் என்பது சேறு, மணல், புல்வெளி, காட்டுப்பாதை, செங்குத்தான மேடு ஆகியவற்றைக் கொண்ட குறுகிய பாதையைப் பலமுறை சுற்றி வந்து முடிக்கும் ஒரு மிதிவண்டிப் பந்தய விளையாட்டு ஆகும். ஓட்டிச் செல்ல இயலாத இடங்களில் வீரர் இறங்கி, மிதிவண்டியைத் தோளில் சுமந்து ஓடி, மீண்டும் ஏறிச் செல்வது இவ்விளையாட்டின் தனி அடையாளம் ஆகும். போட்டிகள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நடைபெறுகின்றன. பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ், நெதர்லாந்து ஆகிய இடங்களில் இது மிகுந்த செல்வாக்குப் பெற்றுள்ளது. அங்கு பேசப்படும் டச்சு மொழியில் இது "வெல்ட்ரைடன்", அதாவது வயலில் ஓட்டுதல், என அழைக்கப்படுகிறது.

வரலாறு

இவ்விளையாட்டு ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடற்தகுதி குறையாதிருக்க வயல்களையும் வேலிகளையும் ஓடைகளையும் கடந்து ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பந்தயமிட்டுச் சென்றதே இதன் தொடக்கம் எனக் கூறப்படுகிறது. பிரான்சியப் படைவீரரான டானியல் கூசோ 1902ஆம் ஆண்டு முதலாவது பிரான்சியத் தேசியப் போட்டியை ஏற்பாடு செய்தவராகக் கருதப்படுகிறார். 1907இல் பிரான்சிய வாகையரான ஒக்தாவ் லாபீஸ் 1910இல் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றதன் பின்னர் இவ்விளையாட்டு பரவலாக அறியப்பட்டது. அவ்வாண்டிலேயே பெல்ஜியத்திலும் தேசியப் போட்டி தொடங்கியது.

முதலாவது உலக வாகையர் போட்டி 1950இல் பாரிசில் நடைபெற்றது. 1947ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளரான ழான் ரோபிக் அதில் வென்றார். பெண்களுக்கான உலக வாகையர் போட்டி அதற்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் சிண்ட்-மிக்கீல்ஸ்கெஸ்டல் நகரிலேயே முதன்முதலாக நடத்தப்பட்டது. செருமனியின் ஹங்கா குப்ஃபர்நாகல் அதில் பட்டம் வென்றார். ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முறையாக 2013இல் ஐக்கிய அமெரிக்காவின் லூயிவில் நகரில் உலக வாகையர் போட்டி நடைபெற்றது. ஒகையோ ஆற்றில் வெள்ளம் உயர்ந்ததால் இரண்டு நாட்களுக்குத் திட்டமிடப்பட்ட பந்தயங்கள் அனைத்தும் ஒரே நாளில் நடத்தி முடிக்கப்பட்டன.

போட்டி முறை

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகளின்படி சுற்றுப் பாதையின் நீளம் 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை இருக்க வேண்டும். அதில் குறைந்தது 90 விழுக்காடு ஓட்டிச் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். வீரர்களை இறங்கச் செய்யும் வகையில் படிக்கட்டுகள், மணற்குழிகள், தடுப்புப் பலகைகள் போன்றவை அமைக்கப்படுகின்றன. பலகைகளின் உயரம் 40 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

போட்டி தூரத்தை அன்றி நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. முதுநிலை ஆண்கள் பிரிவில் இது ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். பெண்கள் பிரிவில் முன்பு 40 நிமிடங்களாக இருந்த நேரம் பின்னர் ஏறத்தாழ 50 நிமிடங்களாக உயர்த்தப்பட்டது. தொடக்கச் சுற்றுகளில் முன்னணி வீரர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை முடிவு செய்யப்படுகிறது. முன்னணி வீரரால் ஒரு முழுச் சுற்று முந்தப்படுபவர் பொதுவாகப் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்.

மிதிவண்டியும் மாற்றிடமும்

சைக்கிளோகிராஸ் மிதிவண்டி தோற்றத்தில் சாலைப் பந்தய மிதிவண்டியை ஒத்தது. எனினும் சேறு அடைத்துக்கொள்ளாதபடி சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே கூடுதல் இடைவெளி விடப்பட்டிருக்கும். முதுநிலைப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 2010இல் வட்டுத் தடுப்பிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது.

பாதையில் மிதிவண்டி மாற்றிடம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். வீரர் தம் உதவியாளரிடமிருந்து இங்கு மட்டுமே வேறு மிதிவண்டியைப் பெற முடியும். பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இவ்விடத்தை அணுகும் வகையில் பாதை அமைக்கப்படுகிறது. சேறு மிகுந்த நாட்களில் முன்னணி வீரர்கள் அரைச் சுற்றுக்கு ஒருமுறை மிதிவண்டியை மாற்றிக்கொள்கின்றனர். சேறு ஒட்டிய மிதிவண்டியின் எடை பல கிலோகிராம் கூடிவிடுவதும் பற்சக்கரங்கள் அடைபடுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும். வீரர் மீண்டும் வருவதற்குள் உதவியாளர்கள் அழுத்த நீர்க்கருவியால் அதனைக் கழுவி, எண்ணெயிட்டு ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இவ்வகையில் தனிநபர் விளையாட்டாகத் தோன்றும் இது உண்மையில் ஒரு சிறு குழுவின் உழைப்பைச் சார்ந்தது.

தேவையான திறன்கள்

* இறங்குதலும் ஏறுதலும்: வேகம் குறையாமல் வலது காலைப் பின்புறமாகச் சுழற்றி இடப்புறம் இறங்கி, ஓட்டத்தை நிறுத்தாமல் தடையைத் தாண்டி, தொடையின் உட்புறம் இருக்கையில் படுமாறு பாய்ந்து ஏறுதல். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி இழந்தாலும் போட்டியின் முடிவில் அது பெரிய இடைவெளியாகிவிடும்.
* சுமந்து ஓடுதல்: நீண்ட மேடுகளில் சட்டகத்தின் மேற்குழாயைத் தோளில் தாங்கி ஓடுதல். குறுகிய தடைகளில் கையால் தூக்கினாலே போதுமானது.
* பலகைத் தாண்டல்: இறங்காமல் மிதிவண்டியுடன் குதித்துப் பலகையைக் கடத்தல். சிறுவயதில் பிஎம்எக்ஸ் பந்தயங்களில் பழகிய பெல்ஜிய வீரர் ஸ்வென் நைஸ் இத்திறனுக்குப் பெயர்பெற்றவர்.
* மணலில் ஓட்டுதல்: வேகத்துடன் நுழைந்து, உடல் எடையைப் பின்னுக்கு வைத்து, முன்னே சென்றவரின் சக்கரத் தடத்தை விட்டு விலகாமல் செல்லுதல். கடற்கரை மணற்குன்றுகளில் நடக்கும் கோக்சைடே போட்டியும் ஆழமான மணற்குழி கொண்ட சோன்ஹோவன் போட்டியும் இதற்கான கடுமையான தேர்வுகள் ஆகும்.
* காற்றழுத்தத் தேர்வு: சேற்றில் பிடிமானம் கிடைக்க டயரின் காற்றழுத்தம் 1.5 பார் அல்லது அதற்கும் கீழாக வைக்கப்படுவதுண்டு. அழுத்தம் கூடினால் சக்கரம் வழுக்கும். மிகக் குறைந்தால் கல்லிலோ வேரிலோ மோதி டயர் கிழியும். எனவே வீரர்கள் போட்டிக்கு முன் பாதையைச் சுற்றிப் பார்த்த பின்னரே டயரையும் அழுத்தத்தையும் முடிவு செய்கின்றனர்.

உடற்தகுதியும் ஆட்டநிலையும்

சாலைப் பந்தயத்தில் வீரர் கூட்டத்தின் நடுவே ஒதுங்கி ஆற்றலைச் சேமிக்க இயலும். சைக்கிளோகிராசில் அதற்கு வாய்ப்புக் குறைவு. வளைவுக்குப் பின் விரைதல், மேட்டில் ஓடுதல் என நூற்றுக்கும் மேற்பட்ட குறுகிய முழுவேக முயற்சிகள் ஒரு போட்டியில் அமைகின்றன. இதயத் துடிப்பு ஏறத்தாழ முழு நேரமும் உச்ச அளவுக்கு அருகிலேயே இருக்கும். குறுகிய பாதையில் முந்துவது கடினம் என்பதால் தொடக்க ஓட்டமும் முக்கியமானது. தரவரிசையில் முன்னுள்ளவர்கள் முன்வரிசையில் நிறுத்தப்படுவதால், நல்ல ஆட்டநிலையில் உள்ளவருக்கு அடுத்த போட்டியிலும் வாய்ப்புக் கூடுகிறது. நோயோ காயமோ காரணமாகத் தரவரிசையில் சரிந்தவர் பின்வரிசையிலிருந்து மீண்டு வருவது எளிதன்று.

பருவம் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடிக்கிறது. கிறித்துமசு விடுமுறைக் காலத்தில் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துப் போட்டிகள் நடக்கின்றன. உலக வாகையர் போட்டி சனவரி இறுதியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் நடைபெறுகிறது. எனவே தொடர்களில் புள்ளிகள் சேர்க்க முழுப் பருவமும் போராடுவதா, அல்லது அந்த ஒரு நாளுக்காக ஆற்றலைச் சேமிப்பதா என்பது ஒவ்வொரு வீரரும் எதிர்கொள்ளும் வினா ஆகும். ஸ்வென் நைஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சூப்பர்பிரஸ்டீஜ் தொடரை 13 முறை வென்ற அவர், 2006-07 பருவத்தில் அத்தொடரின் அனைத்துப் போட்டிகளிலும் வென்றார். எனினும் உலகப் பட்டத்தை 2005, 2013 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே அவரால் வெல்ல முடிந்தது.

முதன்மைத் தொடர்கள்

* சூப்பர்பிரஸ்டீஜ்: 1982-83 பருவத்தில் தொடங்கப்பட்டது. முதலிடத்துக்கு 15 புள்ளிகள், பதினைந்தாம் இடத்துக்கு 1 புள்ளி என வழங்கப்படுகிறது.
* உலகக் கிண்ணம்: 1993-94 பருவத்தில் தொடங்கப்பட்டது.
* டிரோஃபே: 1987இல் தொடங்கப்பட்டது. 2012-13 பருவம் முதல் புள்ளிகளுக்குப் பதிலாக மொத்த நேர அடிப்படையில் வெற்றியாளர் முடிவு செய்யப்படுகிறார். நவம்பர் 1 அன்று நடக்கும் கோப்பன்பெர்க் போட்டி இத்தொடரின் புகழ்பெற்ற போட்டிகளுள் ஒன்று.

ஆதரவாளர்களும் வருமானமும்

சாலைப் பந்தயங்களைப் பார்வையாளர்கள் பெரும்பாலும் கட்டணமின்றிப் பார்க்கின்றனர். சைக்கிளோகிராஸ் பாதையோ குறுகியதும் வேலியிட்டு அடைக்கத்தக்கதும் ஆகும். ஆகவே பிளாண்டர்சில் நுழைவுச்சீட்டு, உணவு மற்றும் பியர் விற்பனை, உள்ளூர் நிறுவனங்களின் விருந்துக்கூடாரங்கள் ஆகியவற்றின் மூலம் ஏற்பாட்டாளர்கள் வருமானம் ஈட்டுகின்றனர். அதில் ஒரு பகுதி "தொடக்கப் பணம்" எனப்படும் பங்கேற்புத் தொகையாக வீரர்களுக்கு வழங்கப்படுகிறது. முன்னணி வீரர்களுக்கு இது பரிசுத்தொகையை விடவும் பெரிய வருமானம் ஆகும். உலக வாகையருக்குரிய வானவில் சட்டையை அணிபவரின் பங்கேற்புத் தொகை உயர்கிறது. எனவே சனவரி மாதத்து ஒரு மணிநேரம் ஓராண்டு வருமானத்தையே மாற்றக்கூடியது.

அணிகளும் தொடர்களும் ஆதரவு நிறுவனங்களின் பெயரையே தாங்குகின்றன. டிரோஃபே தொடர் முதலில் "கசெட் வான் ஆண்ட்வெர்பன்" என்னும் நாளிதழின் பெயரிலும், 2012 முதல் பிபோஸ்ட் வங்கியின் பெயரிலும், 2016 முதல் டிவிவி காப்புறுதி நிறுவனத்தின் பெயரிலும், 2020 முதல் எக்ஸ்2ஓ என்னும் குளியலறைப் பொருள் விற்பனை நிறுவனத்தின் பெயரிலும் நடத்தப்பட்டது. ஆதரவாளர்களுள் பலர் பிளாண்டர்ஸ் வாடிக்கையாளர்களை மட்டுமே நோக்கமாகக் கொண்டவர்கள். தொலைக்காட்சி பார்வையாளர்களும் அங்கேயே மிகுதி. ஆகவே பிற நாட்டு வீரர்கள் தொழில்முறையில் நிலைபெற வேண்டுமாயின் பருவக்காலத்தில் பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ தங்கியிருக்க வேண்டிய நிலை உள்ளது.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

* எரிக் டெ விளாமிங்க் (பெல்ஜியம்): 1966, 1968-1973 ஆகிய ஆண்டுகளில் ஏழு உலகப் பட்டங்கள்.
* மத்தியு வான் டெர் பூல் (நெதர்லாந்து): 1996ஆம் ஆண்டின் உலக வாகையர் ஆட்ரி வான் டெர் பூலின் மகன். 2025இல் பிரான்சின் லியேவன் நகரில் ஏழாவது பட்டம் வென்று டெ விளாமிங்கின் சாதனையைச் சமன்செய்தார்.
* வவுட் வான் ஆர்ட் (பெல்ஜியம்): 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர்.
* மரியானே வோஸ் (நெதர்லாந்து): 2006 முதல் 2022 வரை எட்டு உலகப் பட்டங்கள்.
* பவுலின் ஃபெரான்-பிரெவோ (பிரான்சு): 2015இல் சாலை, சைக்கிளோகிராஸ், மலை மிதிவண்டி ஆகிய மூன்றின் உலகப் பட்டங்களையும் ஒரே வேளையில் கொண்டிருந்தார்.

சர்ச்சைகளும் சவால்களும்

2016இல் பெல்ஜியத்தின் ஹூஸ்டன்-சோல்டர் நகரில் நடந்த உலக வாகையர் போட்டியில், 23 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் பங்கேற்ற ஃபெம்கே வான் டென் டிரீஸ்கெவின் மிதிவண்டி ஒன்றினுள் மறைத்துவைக்கப்பட்ட மின்னோடி கண்டறியப்பட்டது. அம்மிதிவண்டி தம்முடையது அன்று என அவர் மறுத்தார். எனினும் அவருக்கு ஆறு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. உயர்மட்டப் போட்டி ஒன்றில் இவ்வகை ஏமாற்று உறுதி செய்யப்பட்டது அதுவே முதன்முறை ஆகும்.

குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகளில் இதனைச் சேர்க்க வேண்டும் எனப் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் முயன்று வந்துள்ளது. பனி அல்லது பனிக்கட்டியின் மீது நடைபெறும் விளையாட்டுகளே அதில் இடம்பெறும் என்னும் ஒலிம்பிக் விதி இதற்குத் தடையாக உள்ளது. 2021 டிசம்பரில் இத்தாலியின் வால் டி சோலேயில் உலகக் கிண்ணப் போட்டி ஒன்று பனிமேல் நடத்தப்பட்டது. அதில் வவுட் வான் ஆர்ட், ஃபெம் வான் எம்பெல் ஆகியோர் வென்றனர்.

சிறந்த வீரர்கள் சாலைப் பந்தயத்துக்குச் செல்வது மற்றொரு சவால் ஆகும். சேற்றில் கற்ற சமநிலையும் குறுகிய நேர வலிமையும் சாலையிலும் பயன்படுகின்றன. வான் டெர் பூல் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ்-ரூபே போட்டியைத் தொடர்ச்சியாக வென்றார். சாலை அணிகள் கூடுதல் ஊதியம் வழங்குவதால் இத்தகையோர் குளிர்காலத்தில் சில போட்டிகளில் மட்டுமே பங்கேற்கின்றனர். அவர்கள் வரும் நாட்களில் பார்வையாளர்கள் திரள்கின்றனர். ஆனால் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஒவ்வொரு வாரமும் போட்டியிட்டுத் தொடர்களை உயிர்ப்புடன் வைத்திருப்போர் சைக்கிளோகிராசை மட்டுமே தொழிலாகக் கொண்ட வீரர்களே ஆவர். அவர்களது வருமானம் இன்னும் ஒரு சிறு நிலப்பகுதியின் ஆதரவாளர்களையும் நுழைவுச்சீட்டுகளையுமே நம்பியுள்ளது.