அனுப்பியவரின் கடமை: கழிவு வணிகத்தில் ஒப்புதல் நெறியும் அதன் போதாமையும்

2017-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு 263 கன்டெய்னர்கள் வந்து இறங்கின. பயன்படுத்திய மெத்தை, தரைவிரிப்பு, கம்பளம் ஆகியவை மறுசுழற்சிக்காகக் கொண்டுவரப்படுகின்றன என்றன ஆவணங்கள். 2019-இன் நடுவில் துர்நாற்றம் பற்றிய புகார் எழுந்து பெட்டிகள் திறக்கப்பட்டபோது, மருத்துவமனைக் கழிவும் அவற்றில் கலந்திருந்ததாக இலங்கைச் சுங்கத் துறை அறிவித்தது. சுற்றுச்சூழல் நீதிக்கான மையம் என்ற இலங்கை அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2020 அக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப ஆணையிட்டது. கடைசிப் பெட்டிகள் கப்பலேறியது 2022 பிப்ரவரியில்தான். இதில் நமக்கும் பங்கு உண்டு. ஏறத்தாழ 3,000 டன் சரக்கில் சுமார் 180 டன், யாரும் விழித்துக்கொள்ளும் முன்பே, இந்தியாவுக்கும் துபாய்க்கும் மறுஏற்றுமதியாகிவிட்டது என்று இலங்கை விசாரணை கண்டது.

எல்லை தாண்டும் கழிவைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு இத்தகைய நிலைக்காகவே எழுதப்பட்டது. கழிவு சட்டவிரோதமாக வந்திருந்து, தவறு ஏற்றுமதியாளருடையதாக இருந்தால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் ஏற்றுமதி நாடு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிரிட்டன், இலங்கை இரண்டும் இவ்வுடன்படிக்கையின் உறுப்பு நாடுகள். அப்படியிருந்தும், பெட்டிகள் பிடிபட்ட பிறகு இரண்டரை ஆண்டுகள் ஓடின. சில அதிகாரிகளின் மெத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கழிவு வணிகத்தில் இன்று பன்னாட்டு ஒத்துழைப்பு என்று வழங்குவது, சோதிக்கும் வேலையையும் நிரூபிக்கும் சுமையையும் பெறுகிற நாட்டின் தலையில் வைக்கும் ஏற்பாடு. அந்தச் சுமை அனுப்புகிற நாட்டுக்கு மாறாதவரை, எத்தனை திருத்தங்கள் வந்தாலும் கொழும்பில் நடந்தது வேறு துறைமுகங்களிலும் நடக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஏற்பாடு தற்செயலாக அமையவில்லை. 1986-இல் ஃபிலடெல்ஃபியாவின் எரிசாம்பலை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கியான் சீ கப்பல் அதில் ஒரு பகுதியை ஹைத்தியின் கரையில் கொட்டிவிட்டுப் போனது. 1988-இல் நைஜீரியாவின் கோகோ துறைமுகத்தில் இத்தாலியின் நச்சுக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. முழுத் தடை வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. 1989 மார்ச்சில் பேசல் நகரில் அவற்றுக்குக் கிடைத்ததோ முன்னறிவித்து ஒப்புதல் பெறும் நெறி. அதாவது, பெறும் நாடு எழுத்தில் சம்மதித்தால் அனுப்பலாம். அதில் நிறைவடையாத ஆப்பிரிக்க நாடுகள் 1991-இல் பமாகோவில் தமக்கெனத் தனி உடன்படிக்கை செய்துகொண்டன. செல்வ நாடுகளிலிருந்து பிற நாடுகளுக்கு அபாயக் கழிவு போவதைத் தடுக்கும் திருத்தம் 1995-இல் ஏற்கப்பட்டு, 2019 டிசம்பர் 5-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்தவை 24 ஆண்டுகள். இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. அமெரிக்கா மூல உடன்படிக்கையிலேயே கையெழுத்தோடு நின்றுவிட்டது.

ஒப்புதல் நெறி பயன்பட வேண்டுமானால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது பெறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலங்காநல்லூர் வட்டாரத்தில் ஒரு காயலான் கடை வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை கொண்டுவருபவரிடம் கடைக்காரர் மூட்டையை அப்படியே எடை போட்டு வாங்குவதில்லை. தரையில் கொட்டச் சொல்வார். அட்டை ஈரமாக இருந்தால் எடையில் கழிப்பார். பால் கவர் தனியாகப் போகும். தண்ணீர் பாட்டில் தனியாகப் போகும். சிப்ஸ் உறையும் ஷாம்பு பாக்கெட்டும் விலைபோகாது என்று ஒதுக்கிவைப்பார். ஒதுக்கியதைக் கொண்டுவந்தவரே மறுபடி மூட்டை கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே கேட்பாரற்ற சரக்கு என்று ஒன்று மிஞ்சுவதில்லை. விற்றவரும் வாங்கியவரும் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். ஆகாததற்கு விற்றவரே பொறுப்பு.

கடல் கடந்த வணிகத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. இறுக்கிக் கட்டிய பேல்களில் வெளிப்புறம் தெரிவது நல்ல அட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டை அவிழ்த்தால்தான் தெரியும். எல்லாக் கன்டெய்னரையும் திறந்து பார்க்க எந்தத் துறைமுகத்திலும் ஆட்கள் இல்லை. பழைய காகிதம் என்ற பெயரில் வெளிநாட்டு வீட்டுக் குப்பை தூத்துக்குடிக்கே வந்து பிடிபட்டதுண்டு. அப்படிப் பிடிபடும்போது ஏற்றியவர், இடைத்தரகர், கப்பல் நிறுவனம், இறக்குமதியாளர் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். பெட்டி துறைமுகத்தில் கிடக்கிறது. கனடாவிலிருந்து 2013, 2014-இல் பிலிப்பைன்ஸுக்குப் போன 103 கன்டெய்னர்களில் மீந்தவை 2019 மே மாத இறுதியில்தான் திருப்பி அனுப்பப்பட்டன. அதற்கு மணிலா தன் தூதரையே திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. குப்பையைத் திரும்பக் கொடுக்க ஒரு நாடு தூதரக உறவைப் பணயம் வைக்க வேண்டும் என்றால், அங்கே 30 நாள் விதிக்கு என்ன பொருள்?

ஆகாததற்கு அனுப்பியவரே பொறுப்பு என்ற ஒழுங்கு நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்லிவிட முடியாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாட்களுக்குள் அள்ளிச் செல்லக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிச் சென்றனர். எல்லை தாண்டும் கழிவுக்கு நம் நாட்டில் கிடைத்த மிகத் தெளிவான தீர்வு இது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒரே தீர்ப்பாயம் இருந்ததும், அனுப்பிய இடம் எது என்பதில் ஐயம் இல்லாததும் இதற்குக் காரணங்கள். பன்னாட்டுத் தளத்தில் முதலாவது இல்லை. இரண்டாவதை உண்டாக்க மனம் வைத்தால் போதும்.

இங்கே எழும் எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் காகித ஆலைகளுக்குப் பழைய காகிதம் வேண்டும். உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு வேண்டும். ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு அதில் இருக்கிறது. இதை மறுக்க இயலாது. ஆனால் நம் ஊரிலேயே பிரித்தெடுக்கப்படாமல் கிடப்பதைப் பார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020–21-இல் இந்தியாவில் உருவான பிளாஸ்டிக் கழிவு மட்டும் சுமார் 41 லட்சம் டன். வெளியிலிருந்து மலிவுச் சரக்கு இறங்கும்போது காயலான் கடையில் கிலோ விலை விழுகிறது. விலை விழுந்தால் பொறுக்குபவர் அதைப் பொறுக்குவதில்லை, அது கண்மாயில் கிடக்கிறது. 2018-இல் சீனா தன் வாசலை அடைத்ததும் உலகக் கழிவு தென்கிழக்கு ஆசியாவை நோக்கித் திரும்பிய காலத்தில், 2019 மார்ச்சில் இந்தியா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைச் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் சேர்த்துத் தடைசெய்தது. சுற்றுச்சூழலோடு இந்த அடித்தட்டுப் பிழைப்பையும் காத்த முடிவு அது என்பேன்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன், யாரும் வாங்காத பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். காயலான் கடையில் ஒதுக்கப்படும் உறைகளுக்கும் ஒரு வழி பிறந்தது. அந்த வழி நம் தெருக் குப்பைக்கானது. இங்கே தொழில்நுட்பம் இருக்கிறது என்பதை அடுத்தவர் தம் கழிவைத் தள்ளிவிடும் சாக்காக்க இடம் தரக் கூடாது.

நார்வே முன்மொழிந்து, 2019-இல் ஏற்கப்பட்டு, 2021 முதல் நடப்பில் இருக்கும் பிளாஸ்டிக் திருத்தம் ஒரு முன்னேற்றம்தான். ஆனால் ‘ஏறத்தாழ மாசற்ற’ சரக்குக்கு அது ஒப்புதல் கேட்பதில்லை. அந்த ‘ஏறத்தாழ’ எவ்வளவு என்பதை முதலில் அளப்பவர் ஏற்றுமதியாளர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு விதி இதைவிட ஒரு படி மேலே போகிறது. செல்வ நாடுகளின் கூட்டமைப்பில் இல்லாத நாடுகளுக்கு 2026 நவம்பர் 21 முதல் பிளாஸ்டிக் கழிவு அனுப்ப முடியாது. மற்றக் கழிவை அனுப்புவோர், அது போய்ச் சேரும் ஆலையைத் சார்பற்ற தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். அனுப்புபவரை ஆலை வாசல் வரை கொண்டுவரும் இந்த விதி ஒரு கண்டத்தின் சட்டமாகவே நிற்கிறது. பிளாஸ்டிக் குறித்த உலகச் சட்டம் வர வேண்டிய ஜெனீவாப் பேச்சுவார்த்தை 2025 ஆகஸ்டில் உடன்பாடின்றி முடிந்தது. உற்பத்திக்கு வரம்பு வேண்டாம், கழிவு மேலாண்மை போதும் என்ற அணியின் பக்கமே இந்தியாவும் சாய்ந்து நிற்கிறது. உற்பத்தியைத் தொடாத உடன்பாட்டில், மேலாண்மைச் சுமை கடைசியில் பெறும் நாடுகள் மீதே வந்து விழும். இந்த நிலைப்பாட்டை நாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஒவ்வொரு ஏற்றுமதிக்கும், திருப்பி அனுப்பும் செலவை ஈடுகட்டும் வைப்புத்தொகையை ஏற்றுமதி நாட்டிலேயே முன்கூட்டிக் கட்டவைக்க வேண்டும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் பிடிபடும் பெட்டிகள் புறப்பட்ட இடம், அவற்றை ஏற்றியவர், அவை திரும்பிய நாள் ஆகியவை பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். எல்லை தாண்டும் கழிவால் நேரும் சேதத்துக்கு இழப்பீடு யார் தருவது என்று வகுக்கும் பேசல் நெறிமுறையை இந்தியா ஏற்று, பிற நாடுகளையும் ஏற்கச் செய்ய வேண்டும். 1999 டிசம்பரில் எழுதப்பட்ட அந்த நெறிமுறை உயிர்பெற 20 நாடுகள் உறுதிசெய்தால் போதும். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எண்ணிக்கை நிறையவில்லை.